எந்த இடத்தில் சிரித்தாய்?

மார்ச் 6

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது,

நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, அதை முதலில் எழுது. மூணு வயசுப் பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கடல் தாண்டி வேலைக்கு விட்டேனே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நீ யார் பேச்சைக் கேட்டாய்.

நாடகக் கம்பெனி புது ஊருக்கு வந்திருக்கிறது. ஹால் பெரிசு. நாற்றமும் அதே அளவுக்குப் பெரிசு. உடுப்பு அறைக்கும் ஆண்கள் கக்கூஸுக்கும் நடுவில் ஒரு பலகைதான். ராஜா அங்கியைத் தேய்க்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தேய்க்கிறேன். காலரில் வேர்வையும் பவுடரும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டிய கையால் சாப்பிட மனசு வரவில்லை.

மாமாவுக்கு அதே வேலைக்காரர் வேஷம். இரண்டாம் அங்கத்தில் பணக்காரர் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள், மாமா டீத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவார். அவ்வளவுதான் அந்த சீன். போன மாதம் வலது கை கொஞ்சம் ஆடியது. கப்பும் சாசரும் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஜனம் சிரித்த சிரிப்பில் கூரை போய்விடும் போல இருந்தது. முதலாளி உள்ளே ஓடி வந்து, "யோவ், இத்தனை வருஷமா இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" என்று மாமா முதுகில் அறைந்தான். எந்நேரமும் பல் குத்துகிற குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிற ஆள். பேசும்போது குச்சி மேலும் கீழும் ஆடும், எச்சில் தெறிக்கும். மறுநாளே தட்டையும் பெரிசாக்கினான், கப்பையும் கூட்டினான்.

மேடைக்குச் சைடில் நின்று அந்தத் தட்டை மாமா கையில் கொடுப்பது நான்தான். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பேன். எனக்கு அவர் முதுகு தெரியும், ஆடுகிற முழங்கை தெரியும். அதற்கு அப்பால் இருட்டில் திறந்த வாய்கள் தெரியும். வேறெதுவும் தெரியாது.

கைக்கு ஒன்றுமில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 19

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். அங்கே எல்லாரும் சுகம்தானே?

நாற்றத்தைப் பற்றி நீ எனக்கு எழுதுகிறாயா? நான் மீன் வெட்டி டப்பாவில் அடைக்கிற இடத்தில் இருக்கிறேன் அக்கா. கையுறை இரண்டு போட்டாலும் செதில் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. தலை குளித்தாலும் போகவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும், ராணி மாதிரி வருகிறேன். தெருப்பூனை ஒன்று மட்டும் உயிரையே விடுகிறது என் மேல்.

எங்கள் அறையில் ஐந்து பெண்கள், நாலு பாஷை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு கை தூரம். பக்கத்துக் கட்டில்காரி விடுகிற குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும். தூக்கம் வராததற்கு அவள்தான் காரணம் என்று வைத்துக்கொள்.

"டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்" என்று ஒரு வரி எழுதிக் கதவைச் சாத்திவிட்டாயே. என்ன டாக்டர், எதற்கு மாத்திரை? மறைக்காமல் எழுது.

உன் தங்கச்சி

ஜூன் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். பூனையாவது உன்னோடு ஒட்டிக்கொண்டதே, அதுவும் ஒரு துணை. இங்கே எல்லாரும் வழக்கம்போல.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், கேள். சைடில் நின்று நின்று அந்தக் கப் சத்தம் என் காதிலேயே குடிவந்துவிட்டது. துணி துவைத்தாலும் கடகட, படுத்தாலும் கடகட. முன் வரிசையில் ஒருத்தன் சிரித்து வாயிலிருந்ததை எல்லாம் துப்புகிறான், அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் மறுபடி சிரிக்கிறான். பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது. ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரம், தச்சர் வைத்திருந்த மரப்பசையை எடுத்துக் கப்பை சாசரோடும், சாசரைத் தட்டோடும் ஒட்டிவிட்டேன். இனி எப்படிச் சத்தம் போடுகிறாய் பார்க்கிறேன் என்று.

சீன் வந்தது. தட்டைக் கொடுத்தேன். கை ஆடுகிறது, தட்டு ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஜனம் முழித்தது. யாரோ இருமினார்கள். மாமா நடு மேடையில் நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவரை நட்டாற்றில் விட்டுவிட்டேன் என்று. அவர் தலை மெதுவாகக் குனிந்தது. ஏதோ சொன்னார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, முதுகுதானே தெரிகிறது. திடீரென்று ஒரு சிரிப்பு கிளம்பியது. கப் சத்தத்துக்கு வந்த சிரிப்பு மாதிரி இல்லை. பின் வரிசையிலிருந்து உருண்டு வருகிற மாதிரி.

உள்ளே வந்ததும், "கப்பை யார் ஒட்டினது?" என்று முதலாளி குதித்தான். மாமா என்னைப் பார்த்தார், "நான்தான்" என்று அவரே சொல்லிவிட்டார். அப்புறம் என்னிடம், "நல்ல வேலை பண்ணினே போ" என்றார். திட்டினாரா மெச்சினாரா, இன்றுவரை தெரியவில்லை. மேடையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "சும்மா ஒரு வார்த்தை" என்கிறார். கப்பைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் கப்பும் ஆடுகிறது, அந்த வார்த்தையும் நடக்கிறது. சிரிப்புச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழுவதில்லை.

நாடகத்தை வீடியோ கேசட்டாகப் பிடிக்கப் போகிறார்களாம். நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா

செப்டம்பர் 8

என் அக்காவுக்கு ஆயிரம் முத்தம்,

நான் நல்லா இருக்கிறேன். நிஜமாகவே. ஏன் என்று கேள்.

இங்கே சரக்கு லாரி ஓட்டுகிறவர் ஊர்க் கேசட் வாடகைக்குக் கொண்டுவருவார். அட்டையில் நம்ம மாமா! தட்டோடு! ஐந்து பேரும் கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அந்த டீ சீன் வந்ததே, அக்கா, நான் சிரித்தேன். பிள்ளை போனதற்கு அப்புறம் வாய்விட்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான். குறட்டைக்காரி கட்டிலிலிருந்து விழுந்தே விட்டாள். எங்களில் நெட்டையாக ஒருத்தி இருக்கிறாள், மறுநாள் வேலையில் மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி மாமா மாதிரியே நடந்து காட்டினாள். மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

மாமா என்னமா நடிக்கிறார்! கை நிஜமாகவே நடுங்குகிற மாதிரி! எத்தனை நாள் பழகினாராம்? என் சார்பில் அவருக்கு ஒரு சல்யூட் வை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன் அக்கா.

உன் தங்கச்சி

செப்டம்பர் 27

தங்கச்சி,

அது நடிப்பு இல்லை.

நரம்பு நோய். தீராது. கூடிக்கொண்டேதான் போகுமாம். போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார். கையில் ஆரம்பித்து, கால், முகம், தொண்டை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்குமாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமா என் வாயைக் கட்டிவைத்திருந்தார். "ஒருத்தன் பாவம்னு சொல்லிட்டாப் போதும், அப்புறம் எவனும் சிரிக்கமாட்டான். நான் அன்னைக்கே செத்த மாதிரி" என்றார். சொந்தத் தங்கச்சியிடமும் மறைத்தேன்.

உங்கள் நெட்டை ஆட்டிக் காட்டினாளே, அந்தக் கையால் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிடுகிறேன். கடைவாயில் எச்சில் வழிகிறது, நான்தான் துடைக்கிறேன். நாடகம் இருக்கிற நாளில் மத்தியான மாத்திரையை விட்டுவிடச் சொல்கிறான் முதலாளி. "மாத்திரை போட்டா கை அடங்கிடுது, சீன் படுத்துடுது"ங்கிறான், குச்சியை மென்றுகொண்டே. இவரும் விட்டுவிடுகிறார்! அவன்மேல் மட்டும் இல்லை, காசு கொடுத்து வந்து வாயைப் பிளக்கிறவர்கள்மேல், இவர்மேல், தட்டை எடுத்துக் கொடுக்கிற என் கைமேல் எல்லாம் அருவருப்பு. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது.

நீயுமா சிரித்தாய்?

ஜனவரி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நலம்கூட விசாரிக்காமல் எழுதிவிட்டேன். எழுதியதை எழுதவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் உன் தூக்கத்தைக் கெடுத்தேனோ என்று நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

மாமா கம்பெனியை விட்டுவிட்டார். நிற்க முடியாமல் விட்டார் என்று ஊரில் பேச்சு. இல்லை. கேசட் பிடித்தபோதே அந்த ஒரு வார்த்தை வருகிற இடத்தில் முதலாளி டிரம் அடிக்கவைத்துவிட்டான். அப்புறம் மேடையிலும் தினமும் டிரம். "பேச்சு நேரம் இழுக்குதுய்யா. ஜனம் கப்புக்குத்தான் சிரிக்குது. நீ ஆட்டிட்டு வந்துட்டா போதும்" என்றானாம். மாமா பொட்டலம் கட்டிவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னதே போன வாரம்தான்.

"கப்புக்குத்தான் சிரிச்சாங்கன்னா, நோய்தான் நடிகன். நான் அதைத் தூக்கிட்டுப் போற கூலியாள்" என்கிறார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். பேச்சே இப்போது குழறுகிறது, நான்தான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்கிறேன்.

உன் செப்டம்பர் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த இடத்துல சிரிச்சாளாம்? கேளு. அவளுக்கு நோய் தெரியாது. நம்மள்ல தெரியாம பார்த்தவ அவ ஒருத்திதான், அவ சொல்றதுதான் செல்லும்" என்றார். நான்தான் உனக்கு எழுதிக் கெடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று உனக்கு எழுதக் கூடாதாம், எழுதினால் உன் சாட்சி போய்விடுமாம்.

அதனால் கேட்கிறேன். எந்த இடத்தில் சிரித்தாய்? அவரைச் சந்தோஷப்படுத்த எழுதாதே. பொய்யென்றால் கண்டுபிடித்துவிடுவார்.

அக்கா

ஜனவரி 30

தங்கச்சி,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் உன் மாமா தலையைத் தூக்குகிறார். எதைக் கொடுத்தாலும் குழைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது, அதுவும் பாதி புரையேறுகிறது. பார்க்க வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் கூட்டிவந்து, "இந்த மாமாதான் டீ மாமா" என்று காட்டினாள். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்காமலே அனுப்பினேன்.

ஒரு வரி போதும்.

அக்கா

பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் சுகம். மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை அக்கா. வெட்கம். நெட்டை தட்டை ஆட்டி நடந்தபோது முதலில் கை தட்டியது நான்தான்.

நீ கேட்டதற்குச் சும்மா நினைவிலிருந்து எழுத எனக்கு மனசு வரவில்லை. எனக்கு இப்போது நோய் தெரியும், நான் செல்லாத காசு. ஆனால் இவர்களுக்குத் தெரியாது, நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த லாரிக்காரரைப் பிடித்துக் கேசட்டை மறுபடி வாங்குவதற்குள் இத்தனை நாள் ஆகிவிட்டது. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இவர்கள் முகத்தை மட்டும் பார்த்தேன்.

பொய் சொல்லமாட்டேன். கப் சத்தம் வந்ததும் நெட்டை சிரித்தாள். அவள் யாராவது தடுக்கி விழுந்தாலும் சிரிப்பாள். மற்றவர்கள் சும்மா பல்லைக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஒருத்தி, "ஐயோ, கொட்டிடப் போறான்" என்றுகூடச் சொன்னாள்.

டிரம் வருகிறதே, அந்த இடத்தில்தான் எல்லாரும் விழுந்தார்கள். அப்போது நான் திரும்பிப் பார்த்தேன். மாமா குனிந்து தன் கையையே பார்க்கிறார். வாய் அசைகிறது, டிரம் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து விருந்தாளிகளைப் பார்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சிரிப்பு. மறுபடி கையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். கேட்காவிட்டால் என்ன, இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நம்ம பாஷையே தெரியாது. கையைத் திட்டுகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. என்ன திட்டுகிறார் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்கிறாராம், இது குறட்டைக்காரி. "தின்னச் சோறு போட்டதுக்கு இதுதான் மரியாதையா?" இது நெட்டை.

நான் முதல்தடவை சிரித்ததும் அங்கேதான் அக்கா. ஆஸ்பத்திரி வரிசையில் என் பிள்ளை நெளிந்துகொண்டே இருப்பானே, முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு நான் அவனை அதட்டுவேனே. அதே முகம். மாமா என்னைத்தான் நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

இதை அப்படியே மாமாவிடம் படி.

உன் தங்கச்சி

மார்ச் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நல்லா இருக்க வேண்டும். படித்தேன். "திரும்பப் படி" என்றார். படித்தேன். டிரம் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அவர் சொன்ன வார்த்தையை இப்போது எழுதலாம். "சும்மா இரு, விருந்தாளி வந்திருக்காங்க." அவ்வளவுதான். நான் கப்பை ஒட்டிவைத்த அன்றைக்கு, வேறு வழியில்லாமல் கையைப் பார்த்துச் சொன்னாராம்.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மூஞ்சியைச் சுளிக்கப் பார்த்தார். "அப்ப வசனமே தேவையில்ல. இத்தனை நாளா வீணா பேசியிருக்கேன். அந்த டிரம்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்" என்றார். இந்த நிலைமையிலும் தொழில் புத்தி.

மறுநாள் என்னை எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சைடில் இல்லை, எதிரே. நான் அவரை எதிரே உட்கார்ந்து பார்த்ததே இல்லை தங்கச்சி. வசனம் இல்லாமல் செய்து காட்டினார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். முகம் பலகையாகிவிட்டது, அந்த நோய் முகத்தையும் தின்றுவிட்டது. ஒன்றும் அசையவில்லை. எச்சில் மட்டும் வழிந்தது.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுது" என்றேன்.

நான் சைடிலேயே நின்றிருக்கலாம்.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

தந்தி வந்தது. லீவு கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டார்கள். டப்பாவில் மூடி போட்டுக்கொண்டே அழுதேன்.

குறட்டைக்காரியும் நெட்டையும் காரணம் கேட்டார்கள். டீத் தட்டு மாமா போய்விட்டார் என்றேன். நோயைச் சொல்லவில்லை. இருவரும் அவர் சொந்தக்காரர்கள் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

நீ சாப்பிடு. எப்போது முடிகிறதோ அப்போது எழுது.

உன் தங்கச்சி

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதக் கை வரவில்லை. சாப்பாடு புரையேறி நெஞ்சில் சளி கட்டி, அதிலேயே போய்விட்டார். வந்தவர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து டீ சீனைத்தான் பேசினார்கள். ஒருத்தன் செய்தே காட்டினான். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் எழுந்துபோய்ப் பின்பக்கம் வாந்தி எடுத்தேன்.

நேற்று முதலாளி வந்தான். கூட ஒரு புது நடிகன், பளபளவென்று ஷூ. பழைய தட்டையும் கப்பையும்கூடக் கொண்டுவந்திருந்தான்.

"அம்மா, தம்பி நல்லாத்தான் பண்றான். நடுக்கம் மட்டும் பொய்யாத் தெரியுது. நீங்க கூடவே இருந்து பார்த்தவங்க. கொஞ்சம் சொல்லிக் குடுத்தீங்கன்னா..." என்றான். குச்சி ஆடியது.

அந்தப் புது ஆள் என் அனுமதிகூடக் கேட்காமல் தட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். தண்ணீரில் விழுந்த நாய் உதறுகிற மாதிரி. என் வீட்டில். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்.

"நிறுத்துப்பா" என்று தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "கையைத் திட்டற இடம் என்னாச்சு?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"அதை எடுத்தாச்சும்மா. அது நேரம் இழுக்குது."

"நடுக்கம் என் வீட்டுக்காரரோடது இல்லைங்க. அது நோயோடது. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டாம், வர்றப்ப தானா வரும். காத்துட்டிருங்க. அவரோடதுன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதைத்தான் நீங்க எடுத்துப் போட்டுட்டீங்களே."

அப்போதுதான் முதல்தடவையாக அவன் குச்சியை வாயிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன். புது ஆளின் தோளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். குச்சியை என் வாசலிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான், எச்சிலோடு. அதை விளக்குமாற்றால் தொடவும் அருவருப்பாக இருந்தது. காகிதத்தால் பிடித்து எடுத்து எறிந்தேன்.

அவசரத்தில் தட்டை மறந்துவிட்டார்கள். உள்ளே எடுத்து வைக்கலாம் என்று தூக்கினேன். கடகடவென்று சத்தம். பயந்துபோய்விட்டேன். பார்த்தால் என் கை. கோபத்தில் அப்படி நடுங்குகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கப்பெல்லாம் ஒன்றோடொன்று இடிக்கிறது. வீட்டில் நான் மட்டும்தான்.

கையையே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா இரு, வந்தவங்க போயிட்டாங்க" என்றேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தங்கச்சி. தட்டைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நாடகத்தில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், அந்த சீனுக்கு நான் சிரித்தது அதுதான் முதல்தடவை.

எந்த இடத்தில் சிரித்தாய் என்று மாமா இப்போது என்னைக் கேட்டால் சொல்லலாம்.

பூனை இன்னும் வருகிறதா? தலைக்கு எலுமிச்சைத் தோல் தேய்த்துக் குளித்துப் பார், நாற்றம் கொஞ்சம் விடும். நீ தூங்குகிறாயா, அதை எழுது.

அக்கா